மேஹாக்காவின் எட்டுக் குரல்கள்

மேஹாக்காவுக்குப் பாட்டு வராது. கோயில் பஜனையில் அவள் வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வாள். ஆனால் ஆண்பிள்ளைகளைப் போலப் பேசச் சொன்னால் போதும், எட்டுப் பேரைக் கொண்டுவந்து கண் முன்னால் நிறுத்திவிடுவாள். அந்த எட்டுப் பேரில் ஒருவரைக்கூட அவள் பார்த்ததில்லை. அதில் ஒருவர் என் வீட்டுக்காரர்.

ஜப்பான்காரன் ஆண்ட காலம் அது. திகாம் பத்து என்ற ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் பால் வெட்டிய தோட்டம் என்று அர்த்தம். சொந்தம் கொண்டாட லயத்து வீட்டு வரிசையில் ஒரு கதவுகூட எங்களுக்கு இல்லை. வெள்ளைக்காரத் துரை சொல்லாமல் கொள்ளாமல் காரேறிப் போய்விட்டதால் ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணிதான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. ரப்பரை வாங்க ஆளில்லை. பாதி மரங்களை வெட்டித் தள்ளிவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். நட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் டவுனில் கூட்டம் போட்டு, இந்தியாவை மீட்கப் போகும் படைக்கு ஆள் சேர்த்தார்கள். உப்பு வாங்கப் போன என் வீட்டுக்காரர் சிப்பாயாகத் திரும்பி வந்தார். உப்பும் வாங்கவில்லை. மகளுக்கு அப்போது எட்டு மாதம். அழுது பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். சட்டையைப் பிடித்து இழுத்ததில் ஒரு பொத்தான் கையோடு வந்ததுதான் மிச்சம். எங்கள் லயங்களிலிருந்து மொத்தம் எட்டு ஆண்கள் போனார்கள்.

போனவர்களின் குடும்பத்தை, படைக்கு ஆள் சேர்த்த சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று சட்டையில் சின்னம் குத்திய ஒருவர் வந்து பேசினார். பொய் சொல்லக் கூடாது, இரண்டு மாதம் பார்த்துக்கொண்டார்கள். மாட்டுவண்டியில் அரிசி வந்தது, கோலா கெடாவிலிருந்து கருவாடு வந்தது, வீட்டுக்கு ஒரு துண்டுத் துணிகூட வந்தது. மூன்றாம் மாதம் வண்டி வரவில்லை. வண்டிக்காரருக்குக் காய்ச்சல் என்றார்கள். அப்புறம் வண்டிமாட்டை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய்விட்டான் என்றார்கள். எது உண்மையோ, எட்டுப் பெண்களுக்கும் ரோட்டைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் கண்ட பலன்.

தோட்டத்தில் விடியற்காலையில் ஆபீஸ் வாசலில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். பேரைக் கூப்பிட்டதும் “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். சொன்ன பேருக்கு அன்றைய வேலை உண்டு, வாரக் கடைசியில் அரிசி உண்டு. ஆண் பேருக்கு முழுப் பங்கு, பெண் பேருக்கு அரைப் பங்கு. தொடர்ந்து பதில் வராத பேரைக் கிராணி புத்தகத்திலிருந்து அடித்துவிடுவார். ஆண் பேர் போனால் லயத்து வீடும் போகும். எட்டுப் பேர்களையும் அடுத்த திங்கட்கிழமை அடிக்க வேண்டியிருக்கும் என்று கிராணி எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல மனிதர்தான். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

மேஹாக்கா எங்கள் தோட்டத்துக்காரி இல்லை. பாடாங் மேஹாப் பக்கமிருந்து ஒரு பாயையும் ஒரு சட்டியையும் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தவள். ஊர்ப்பேரே அவளுக்கு ஒட்டிக்கொண்டது. அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக்கொட்டகையில் ஒண்டிக்கொண்டிருந்தாள். புதுப் பேர் எழுதக் கிராணிக்கு அனுமதி இல்லாததால் அவளுக்கு வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. இருந்தும் தினமும் பெரட்டுக்கு வந்து பெண்கள் வரிசையின் கடைசியில் நிற்பாள். முழுக்கை ஆண்சட்டை, தலையில் துணிக்கட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு துரை மாதிரி ஒரு நிற்பு. யாராவது வரவில்லை என்றால் அந்த வேலை கிடைக்குமா என்று பார்க்கத்தான் வருகிறாள் என்று நினைத்தோம்.

அந்தத் திங்கட்கிழமை கிராணி எட்டுப் பேரில் முதல் பேரைக் கூப்பிட்டார். சத்தமில்லை. பென்சிலை எடுத்தார். பெண்கள் வரிசைக்குப் பின்னாலிருந்து கள்ளுக்கடை வாசலில் கேட்கிற மாதிரி கரகரப்பாக ஒரு குரல் “இருக்கேன்” என்றது. கிராணி தலையைத் தூக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்தவர், அடுத்த பேரைக் கூப்பிட்டார். எட்டுப் பேருக்கும் பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேர்களைக் கூப்பிடும்போது அவர் தலையைத் தூக்கியதே இல்லை. தோட்டத்தில் ஆள் குறைந்தால் ஜப்பான்காரனுக்கு அவரும் பதில் சொல்ல வேண்டும் என்பது பின்னால்தான் எங்களுக்குப் புரிந்தது.

அன்று மத்தியானமே மேஹாக்கா ஒவ்வொரு வீடாக வந்தாள். சும்மா “இருக்கேன்” என்றால் போதாதாம். எட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னால் குருடனுக்குக்கூடச் சந்தேகம் வருமாம். “ஒன் வீட்டுக்காரரு எப்படிச் சொல்லுவாரு, சொல்லு” என்று ஆளாளுக்கு விசாரணை. அதில் முதல் தொல்லை, நாங்கள் யாரும் புருஷன் பேரைச் சொல்ல மாட்டோம். எந்தப் பேருக்கு எந்தக் குரல் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? ஒருத்தி நிலாவைக் காட்டினாள், பட்டப்பகலில். ஒருத்தி மலைமேல் இருக்கிற சாமி என்றாள். நான் சுவரில் ஒட்டியிருந்த முருகன் படத்தில் கையிலிருந்த வேலைத் தொட்டுக் காட்டினேன். இன்றைக்கும் அந்தப் பேரை எழுதக் கை வராது, மன்னிக்க வேண்டும்.

குரலைப் பற்றிக் கேட்டபோது நான் கொஞ்சம் அளந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் குரல் கணீரென்று கோயில் மணி மாதிரி இருக்கும் என்றேன். மறுநாள் அவள் அப்படியே ஒரு “இருக்கேன்” போட்டாள். ஆண்கள் வரிசையே திரும்பிப் பார்த்தது. கிராணிக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் குரல் எல்லாருக்கும் தெரிந்ததுதானே, மூக்கால் பேசுகிற மெல்லிய குரல்.

பெரட்டு முடிந்ததும் நேரே என்னிடம் வந்தாள். “தங்கச்சி, என்கிட்ட பொய் சொல்லாத. அவரு வந்தப்புறம் மணி மாதிரி பேசச் சொல்லிக்க. இப்ப எனக்கு உள்ளத சொல்லு.”

உள்ளதைச் சொன்னேன். பிடரியைச் சொறிந்துகொண்டே, கடைசி எழுத்தை இழுத்து, ஏதோ தப்புச் செய்துவிட்டு ஒத்துக்கொள்கிறவர் மாதிரி சொல்வார் என்றேன். மூன்று நாளில் பிடித்துவிட்டாள். சொறிதல் உட்பட.

இதெல்லாம் சும்மா நடக்கவில்லை. பதில் சொன்ன பேருக்கு வேலை காட்ட வேண்டும். எட்டு ஆண்களின் மரவள்ளிப் பாத்திகளையும் நாங்கள் எட்டுப் பெண்களும் மேஹாக்காவும் பங்கு போட்டுக் கொத்தினோம், எங்கள் சொந்த வேலைக்கு மேலே. பாதிக்கு மேல் அவள்தான் கொத்தினாள். அதற்குப் பதிலாக ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் சாப்பாடு. வாரத்துக்கு ஏழு நாள், வீடு எட்டு. எந்த வீட்டு முறை தள்ளிப்போகிறது என்று ஒவ்வொரு வாரமும் சண்டை. அவளுக்குப் போட மாட்டோம் என்ற சண்டை என்று நினைக்காதீர்கள், எங்கள் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்ற சண்டை. ஆரம்பத்தில் நான் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். என் புருஷன் பேரில் இவள் சாப்பிடுகிறாளே என்று. அப்படி ஒரு அற்பப் புத்தி இருந்தது எனக்கு. வயிறு காய்ந்தால் புத்தியும் காய்ந்துவிடுகிறது.

என் மகளை அவள் “பட்டாளத்தான் மவளே” என்றுதான் கூப்பிடுவாள். கிழங்கை வேகவைத்து உப்பில்லாமல் மசித்து ஊட்டிக்கொண்டே அப்பா குரலில் கொஞ்சுவாள். குழந்தை சிரிக்கும். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு ஒரு நாள், பெரட்டில் அந்தப் பேருக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதை நானே கவனித்தேன். இருட்டு பிரியாத நேரம், யார் முகமும் சரியாகத் தெரியாது. என் வீட்டுக்காரர் பின்னால்தான் எங்கேயோ நிற்கிறார் என்று ஒரு நொடி நம்பிவிடலாம். அந்த ஒரு நொடிக்காகவே காய்ச்சலோடுகூட பெரட்டுக்குப் போயிருக்கிறேன். அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட எனக்கு வேறு என்ன இருக்கிறது? அதுதான் இருக்கிறது.

எல்லாருக்கும் அது சந்தோஷமாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. கீழ் லயத்துப் பெண் ஒருத்தி, எட்டுப் பேரில் ஒருவரான திக்குவாய்க்காரரின் மனைவி. அவள் புருஷன் படைமுகாமிலேயே காய்ச்சலில் போய்விட்டான் என்று டவுனிலிருந்து வந்த யாரோ சொல்லிவிட்டார்கள். தாலியைக் கழற்றி, அழுது, எல்லாம் ஆயிற்று. மறுநாள் பெரட்டில் கிராணி வழக்கம்போல அவன் பேரைக் கூப்பிட்டார். “இ… இ… இருக்கேன்” என்றது குரல். அந்தப் பெண் திரும்பி ஓடிப்போய் மேஹாக்காவின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். கிராணி குனிந்த தலை நிமிராமல் அடுத்த பேரைக் கூப்பிட்டார். அது என் வீட்டுக்காரர் பேர். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அதற்கும் பதில் சொன்னாள்.

வேலைக்காட்டில் வைத்து அந்தப் பெண் அழுதாள், இனிமேல் என் புருஷன் குரலில் பேசாதே என்று. மேஹாக்கா மண்வெட்டியை நிறுத்தவில்லை. “ஒனக்குத் துக்கம். ஒன் மூணு புள்ளைங்களுக்குப் பசி. ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போடாத” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “வேணும்னா காதப் பொத்திக்க. நான் நிறுத்த மாட்டேன்” என்றாள். அந்தப் பெண் அதற்குப் பிறகு பெரட்டில் காதைப் பொத்திக்கொண்டுதான் நிற்பாள். மேஹாக்காவிடம் ஒரு முரட்டுத்தனம் இருந்தது. அது இல்லாமல் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அவளைக் கண்டு கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

தன்னைப் பற்றி அவள் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவை. கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தோம். அவள் வீட்டுக்காரரை சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். “நான் கெணத்தடியில துணி அலசிக்கிட்டு இருந்தேன். லோரி சத்தம் கேட்டுச்சு. அரிசி வந்திருக்குன்னு நெனச்சிட்டேன்” என்றாள். அவ்வளவுதான். கிழங்கில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக் கூடையில் போட்டாள்.

என் வீட்டுக்காரரிடமிருந்து முகாம் முத்திரை குத்திய அட்டை ஒன்று வந்தது. சங்கம் உங்களை நன்றாகக் கவனித்துக்கொள்வதாக இங்கே சொல்கிறார்கள், உண்மையா என்று கேட்டிருந்தார். கிராணியிடம் கொடுத்துப் பதில் எழுதினேன். நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள், கவலை வேண்டாம் என்று. அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. பேரைக் காப்பாற்றினால் போதும் என்று மட்டும்தான் நினைத்தோம். புத்தகத்தில் இருக்கிற பேரை ஜப்பான்காரனும் படிப்பான் என்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒரு நாள் பெரட்டு நேரத்தில் லோரி வந்து நின்றது. சயாமுக்கு இருபது பேர் வேண்டும். இறங்கிய அதிகாரி கிராணியின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, ஆண்கள் பேரிருந்த பக்கங்களைப் புரட்டி, இஷ்டத்துக்கு விரலை வைத்துக்கொண்டே போனான். விரல் பட்ட பேரைக் கிராணி உரக்கப் படிக்க வேண்டும். பேருக்குரியவர் “இருக்கேன்” சொல்லி லோரியில் ஏற வேண்டும். அழுகையும் கூச்சலுமாக ஆண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். பதினெட்டு, பத்தொன்பது. மிச்சம் ஒன்றுதான். எங்கள் எட்டுப் பேரில் யாரும் அதுவரை அகப்படவில்லை. நான் மூச்சை விட்டேன். கடைசியாக அவன் விரல் வைத்த பேரைக் கிராணி படிக்காமல் நின்றார். அதிகாரி அதட்டினான். கிராணி படித்தார். என் வீட்டுக்காரர் பேர்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். அவர் இங்கே இல்லை, உங்களோடு சேர்ந்து சண்டை போடுகிற படையில்தான் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, இல்லாதவன் பேரில் இத்தனை நாள் அரிசி வாங்கித் தின்றது யார் என்பதுதான். எட்டு வீட்டு அரிசியும் நின்றுவிடும். கிராணியின் தலை போகும். பக்கத்துத் தோட்டத்தில் ஆள் எண்ணிக்கை ஒன்று தப்பியதற்காக அங்கிருந்த கிராணியைத் தலைக்குமேல் கல்லைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கவைத்ததை எல்லாரும் கேள்விப்பட்டிருந்தோம். இத்தனையும் யோசித்துத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. மகள் இடுப்பில் இருந்தாள். சனிக்கிழமை அரிசி போடும் நாள். எனக்கு அது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. மூக்கால், இழுத்து, தப்பை ஒத்துக்கொள்கிற மாதிரி. “இருக்கேன்.”

மேஹாக்கா வரிசையை விட்டு வெளியே வந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு லோரியை நோக்கி நடந்தாள். நடக்கும்போதே பிடரியைச் சொறிந்துகொண்டாள். லோரிப் பக்கத்தில் நின்ற சிப்பாய் அவளை ஏற இறங்கப் பார்த்தான். சட்டையும் தலைக்கட்டும் ஆண் மாதிரிதான். சட்டைக்குக் கீழே சேலை. கிராணிக்கு எங்கிருந்துதான் அந்த நேரத்தில் நாக்கு வந்ததோ, சோறு கிண்டுவது போலக் கையைச் சுழற்றி “மாசாக், மாசாக்” என்றார். சமைக்கப் போகிறவள் என்று. சிப்பாய் சிரித்தான். அதிகாரி குச்சியால் தலைகளை எண்ணினான். இருபது. போதும் என்று கையசைத்தான்.

நான் ஓடிப்போய் லோரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்ல வந்தேன் என்று தெரியவில்லை. அவள் குனிந்து, தன் சொந்தக் குரலில், “நாளையிலேருந்து நீ சொல்லு தங்கச்சி. ஏழு பேருதான். அவர மட்டும் விட்டுடு, அவருதான் சயாமுக்குப் போயிட்டாரே” என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். லோரி கிளம்பிவிட்டது.

அவள் எங்களுக்காக ஏறினாளா, கிணற்றடியில் இருந்தபோது தவறவிட்ட தன் புருஷனைத் தேடி ஏறினாளா என்று எனக்குத் தெரியாது. அவனைத் தேடித்தான் போனாள் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூங்குவதற்கு அது வசதியாக இருந்தது.

ஏழு பேருக்கும் நான் பதில் சொன்னேன். எனக்குக் குரல் மாற்ற வரவில்லை, ஏழும் ஒன்று போலத்தான் வந்தது. கிராணி தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டார்.

போர் முடிந்து என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். கடல் தாண்டவில்லை, சண்டையைப் பார்க்கவில்லை. முகாம் சமையல்கட்டில் துப்பாக்கியைவிட வெங்காயத்தைத்தான் அதிகம் பிடித்தாராம். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் வாயை மூடிக்கொண்டு நின்றதைத் தவிர.

லோரியில் போன இருபது பேரில் மூன்று பேர்தான் திரும்பினார்கள். அதில் ஒருவர் மேல் லயத்துத் தம்பி. காலில் ஆறாத புண்ணோடு, கம்பை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டைத் தேடி வந்தார். என் வீட்டுக்காரர் நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். நான் கருப்புக் காப்பி போட்டுக்கொண்டு வந்து வைத்தேன்.

“அங்கயும் காலையில பெரட்டுதாண்ணே” என்றார் அவர். “குடிசையில படுத்துக் கெடக்கறவன் பேரக் கூப்புட்டு, பதில் வரலன்னா அன்னைக்கு அவனுக்குச் சோறு இல்ல. அந்தம்மா அத்தன பேருக்கும் சொல்லும். எனக்குக் காய்ச்சல் கண்டப்ப பன்னெண்டு நாளு என் கொரல்லயே சொல்லிச்சு. நான் படுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பேன்.”

அவள் புருஷனைக் கண்டுபிடித்தாளா என்று கேட்டேன். முகாம் முகாமாக விசாரித்ததாகவும் யாருக்கும் தெரியவில்லை என்றும் சொன்னார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் இருந்தார்.

“அப்பறம் வாந்திபேதி வந்திச்சு. ஒரு நாளு ஒங்க பேரக் கூப்புட்டாங்கண்ணே. சத்தம் வரல. நான் சொல்லிப் பாத்தேன், எனக்கு அப்படி வரல. ரெண்டாம் நாளு பொதச்சோம். குழி மேல நடுற மூங்கில்ல பேரு எழுதணும்னாங்க. ஒங்க பேரத்தான் எழுதச் சொன்னேன். அவங்க புத்தகத்துல அப்படித்தான் இருந்திச்சு.”

என் வீட்டுக்காரர் கேட்டார், “அந்தம்மா பேரு என்னா?”

தம்பி என்னைப் பார்த்தார். அவரும் என்னைப் பார்த்தார். ஒரு வருஷத்துக்கு மேல் என் அடுப்பில் சாப்பிட்டவள். நாங்கள் வாயால் சொல்ல மறுத்த எட்டுப் பேர்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவள். அவளிடம் நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

“மேஹாக்கா” என்றேன்.

“அது ஊருப் பேரு” என்றார் அவர்.